சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார்?

பழைய ஏற்பாட்டு நூல்களுள் சீராக்கின் ஞானத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் தலைவாயிலில் நின்று நம்மை வரவேற்பவர் நூலாசிரியர் அல்லர், அதனை மொழிபெயர்த்தவர். பாட்டனார் எபிரேய மொழியில் எழுதிவைத்த ஞான உரைகளை, கி.மு. 132-ஆம் ஆண்டளவில் எகிப்து நாடு வந்து சேர்ந்த பேரன் கிரேக்கத்தில் பெயர்த்தார். எகிப்தில் வாழ்ந்த யூதருள் பலருக்கு முன்னோரின் மொழி அந்நியமாகிவிட்ட காலம் அது. நூலின் முன்னுரையில் அந்தப் பேரன் வாசகரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறார். தாம் எவ்வளவு முயன்றும் சில தொடர்கள் சரிவர அமையாமல் போயிருக்கலாம், அதனைப் பொறுத்தருள வேண்டும் என்கிறார். எபிரேயத்தில் சொல்லப்பட்டது வேறொரு மொழிக்கு மாறும்போது அதே ஆற்றலோடு ஒலிப்பதில்லை என்ற உண்மையையும் எடுத்துரைக்கிறார். உறக்கமின்றி உழைத்ததையும் மறைக்கவில்லை.

அந்தப் பேரனின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் முகம் நமக்குத் தெரிகிறது. செய்தவர் யார், எதற்காகச் செய்தார், எங்கே தடுமாறினார் என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுகிறார்.

இன்று அவர் செய்த பணியைக் கணிப்பொறி செய்கிறது. உரோமையில் திருத்தந்தையின் மடல் வெளியான சில நிமிடங்களில் அதனைக் கைபேசியில் தமிழாக்கிப் படிக்கிறோம். வெளிநாட்டிலுள்ள மகனுக்கு வந்த அலுவலகக் கடிதம், மருத்துவர் எழுதித் தந்த குறிப்பு, பங்கின் அறிவிப்பு என அனைத்தும் ஒரு விரல் அசைவில் மொழி மாறுகின்றன. ‘இனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு?’ என்று கேட்போர் ஒருபுறம்; ‘இயந்திரம் எங்கே மனிதனுக்கு ஈடாகும்?’ என்போர் மறுபுறம். இருவரும் திறமையைப் பற்றியே பேசுகின்றனர். மொழிபெயர்ப்பின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், திறமையைவிட ஆழமான ஒரு கேள்வி அங்கே கிடப்பதைக் காண்கிறோம். பெயர்த்த சொல்லுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதே அக்கேள்வி.

யோனாவின் செடி

கி.பி. 403-ஆம் ஆண்டளவில் புனித அகுஸ்தீன் வட ஆப்பிரிக்காவிலிருந்து பெத்லகேமில் வாழ்ந்த புனித எரோணிமுசுக்கு ஒரு கடிதம் எழுதினார். எபிரேய மூலத்திலிருந்து எரோணிமுஸ் செய்த புதிய இலத்தீன் மொழிபெயர்ப்பு அப்போது திருச்சபைகளில் பரவத் தொடங்கியிருந்தது. இன்று லிபியாவின் திரிப்போலியாக விளங்கும் ஒயேயா நகரின் ஆயர் அதனைத் திருவழிபாட்டில் வாசிக்கச் செய்தார். யோனா இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியின் பெயரைக் கேட்டதும் மக்களிடையே கூச்சல் எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கேட்டுவந்தது சுரைக்கொடி. புதிய மொழிபெயர்ப்பில் வந்ததோ ஐவி என்னும் படர்கொடி. ஊரிலிருந்த யூதர்களிடம் ஆயர் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. ஒரு செடியின் பெயருக்காக மக்களை இழக்கும் நிலைக்கு அவர் ஆளானார் என்று அகுஸ்தீன் தெரிவித்தார்.

எரோணிமுசின் பதில் காரசாரமானது. எனினும் அது முழுமையான பதில். எபிரேயத்தில் அச்செடிக்குள்ள பெயர் என்ன, அது எத்தகைய இலையுடையது, தன் தண்டிலேயே எவ்வாறு நிற்கிறது, இலத்தீனில் அதற்கு ஏன் பெயரில்லை, தமக்கு முன் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் என்ன சொல்லைக் கையாண்டார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். தமிழ் விவிலியத்தில் நாம் இன்று அதனை ஆமணக்குச் செடி என வாசிக்கிறோம். அறிஞர் பலரும் அதுவே பொருந்தும் என்பர்.

அவருடைய சொல் சரியா தவறா என்பது இங்கே இரண்டாம் இடத்துக் கேள்வி. ஒயேயா மக்கள் கேள்வி எழுப்பினர். அக்கேள்வி கடல் கடந்து மொழிபெயர்ப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தம் பெயரால், தம் காரணங்களோடு பதிலளித்தார். மொழிபெயர்ப்பு என்பது இந்த உறவையும் உள்ளடக்கியது.

முத்துக்குளித்துறையில் ஒரு சொல்

இதே உறவு நம் மண்ணிலும் வேர்விட்டது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. இரு மொழியிலும் ஓரளவு பயிற்சியுள்ளவர்களை ஒன்றுகூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் முதலியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். பின்னர் அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார். அப்பணிக்கு உதவிய தமிழ்ப் பொதுநிலையினர் யார் யார் என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை. ஆயினும் நம் செபங்களின் முதல் மொழிபெயர்ப்பாளர்களுள் அவர்களும் அடங்குவர்.

அந்த முதல் மொழிபெயர்ப்பில் குறைகள் இருந்தன. 1544-ஐ ஒட்டித் தம் உடன் உழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் ஒரு திருத்தத்தை அறிவிக்கிறார். விசுவாச அறிக்கையில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லப்பட்டு வந்தது. அதனை விட்டு, விசுவசிப்பதைக் குறிக்கும் சொல்லையே இனிச் சொல்ல வேண்டும் என்கிறார். இறைவனை விரும்புவது வேறு, விசுவசிப்பது வேறு அல்லவா? அவ்வாறே, கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில் வலுக்கட்டாயம் எனப் பொருள்படும் ஒரு சொல் புகுந்திருந்தது. அவர் தாமே மனமுவந்து பாடுபட்டார் ஆதலால் அச்சொல்லை நீக்குமாறு பணிக்கிறார்.

இரண்டே சொற்கள்தாம். ஒன்றில் விசுவாசத்தின் இயல்பு அடங்கியிருந்தது. மற்றதில் மீட்பின் மறைபொருள் அடங்கியிருந்தது. அவற்றைக் கண்டுபிடித்தது தமிழறிவு மட்டுமன்று. அச்சொற்களை மக்களோடு சேர்ந்து நாள்தோறும் சொல்லிச் செபித்த ஒருவரின் உள்ளம் உறுத்தியது. அதனால் அவை திருத்தப்பட்டன. சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக்கு அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்று, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். அதுவும் ஒரு மொழிபெயர்ப்பே. அன்றுமுதல் நம் செபச் சொற்கள் எத்தனை முறை மாறியிருக்கின்றன! ‘இஸ்பிரீத்து சாந்து’ தூய ஆவியானார், ‘இஷ்டப்பிரசாதம்’ அருளாயிற்று, ‘பூசை’ திருப்பலியாயிற்று. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் விவாதித்த மனிதர்கள் இருந்தனர். அதனை ஏற்கத் தயங்கிய முதியோரும் இருந்தனர்.

இயந்திரத்தின் பிறப்பு

இனி மறுபக்கம் திரும்புவோம். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் மறைகுறிச் செய்திகளை உடைப்பதில் பெற்ற வெற்றி, அறிவியலாளர் சிலர் மனத்தில் ஒரு புதிய எண்ணத்தை விதைத்தது. அமெரிக்காவின் ராக்கெஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த வாரன் வீவர் என்ற கணித அறிஞர் 1949-இல் ஒரு குறிப்புரையைச் சுற்றுக்கு விட்டார். அயல்மொழி நூல் ஒன்றை மறைகுறியில் எழுதிய ஆங்கில நூலாகவே கருதி, கணிப்பொறியால் அதனை விடுவிக்கலாகாதா என்பது அவர் சிந்தனை. ஓர் அழகிய உவமையும் அவர் தந்தார். மனிதர் தனித்தனிக் கோபுரங்களின் உச்சியில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கூவி அழைக்கின்றனர். ஆனால் படியிறங்கி வந்தால் எல்லாக் கோபுரங்களுக்கும் பொதுவான ஒரே அடித்தளம் இருக்கிறது என்றார். பாபேல் கோபுரத்திற்கு மாற்றான ஒரு கோபுரத்தை அவர் கனவு கண்டார்.

அதே 1949-இல் இத்தாலிய இயேசு சபைக் குரு ஒருவர் நியூயார்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். அவர் பெயர் ரொபெர்த்தோ பூசா. புனித தோமா அக்குவினாரின் எழுத்துகளிலுள்ள சொற்கள் அனைத்திற்கும் துளையட்டை இயந்திரங்களின் உதவியால் அகரவரிசை அமைக்க விரும்பினார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட அந்தச் சொல்லடைவு, 1974-இல் தொடங்கி 56 தொகுதிகளாக வெளிவந்தது. பூசா அடிகளாருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது? தோமாவின் இறையியலில் ‘உடனிருப்பு’ என்ற கருத்தை ஆராய்ந்தபோது, பெரிய கலைச்சொற்களைக் காட்டிலும் ‘இல்’, ‘உள்’ எனப் பொருள்படும் சிறு இடைச்சொல்லே அக்கருத்தைச் சுமந்து நிற்பதை அவர் கண்டார். அத்தகைய சிறு சொல்லை ஆயிரக்கணக்கான இடங்களில் தேடித்தர இயந்திரம் வேண்டியிருந்தது. தேடித்தந்தது இயந்திரம், பொருளுணர்ந்தது மனிதர். கணிப்பொறியோடு மொழியை இணைத்த முன்னோடிகளுள் ஒரு குருவானவர் இருப்பதால், திருச்சபை இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவது என்று எவரும் சொல்ல முடியாது.

அறுபது வாக்கியங்களும் ஓர் அறிக்கையும்

1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கிலுள்ள ஐ.பி.எம். தலைமையகத்தில் செய்தியாளர் முன்னிலையில் ஒரு காட்சி அரங்கேறியது. உரசிய மொழி அறியாத ஒருவர் உரசிய வாக்கியங்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க, கணிப்பொறி அவற்றை ஆங்கிலத்தில் அச்சிட்டுத் தந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். அவற்றுக்காகக் கணிப்பொறிக்குக் கற்பித்திருந்தது 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும் மட்டுமே. நாளிதழ்கள் வியந்து எழுதின. இன்னும் ஐந்து, ஒருவேளை மூன்றே ஆண்டுகளில் முக்கியத் துறைகளில் இயந்திர மொழிபெயர்ப்பு கைகூடிவிடும் என்று திட்டத் தலைவர் லியோன் தோஸ்தெர் கூறினார்.

இந்தத் தோஸ்தெரை நாம் சற்று உற்றுநோக்க வேண்டும். போருக்குப் பின் நியூரம்பர்க்கில் நடைபெற்ற போர்க்குற்ற வழக்கு விசாரணைக்கு, ஒரே நேரத்தில் நான்கு மொழிகளில் வாய்மொழிபெயர்ப்பு செய்யும் முறையை ஏற்பாடு செய்தவர் அவரே. அந்த நீதிமன்றத்தில் இரு விளக்குகள் இருந்தன. பேசுபவர் வேகமாகப் பேசினால் மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலிருந்து மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நீதிமன்றமே பேச்சை நிறுத்திக் காத்திருக்கும். மனித உயிர்களைத் தீர்மானிக்கும் இடத்தில், ‘எனக்குச் சரியாக விளங்கவில்லை, நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை மொழிபெயர்ப்பவருக்கு வழங்கப்பட்டிருந்தது.

வாக்களித்த ஐந்தாண்டுகள் கடந்தன. இத்துறையில் முழுநேர ஆய்வு மேற்கொண்டவர்களுள் முதல்வரான யெகோசுவா பார்ஹிலல் என்னும் யூத அறிஞரே 1960-இல் ஐயத்தை எழுப்பினார். ஆங்கிலத்தில் ‘பென்’ என்ற சொல் எழுதுகோலையும் குறிக்கும். சிறு குழந்தைகளை விளையாட விடும் வேலியடைப்பையும் குறிக்கும். குழந்தையின் பொம்மைப் பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது என்று சொன்னால், எழுதுகோலுக்குள் பெட்டி இருக்க முடியாது என்பதை நாம் உடனே உணர்கிறோம். இவ்வுணர்வு அகராதியிலோ இலக்கணத்திலோ இல்லை. உலகைப் பற்றிய அறிவில் இருக்கிறது. அதனை இயந்திரத்திற்கு எப்படிப் புகட்டுவது என்று அவர் கேட்டார்.

அமெரிக்க அரசு ஜான் பியர்ஸ் தலைமையில் அமைத்த குழு 1966-இல் அறிக்கை அளித்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவாகியிருந்தது. இயந்திர மொழிபெயர்ப்பு மனித மொழிபெயர்ப்பைவிட மெதுவானது, துல்லியம் குறைந்தது, செலவோ இருமடங்கு என்று குழு முடிவு கூறியது. அரசின் நிதியுதவி வற்றியது. உள்ளத்தின் ஆர்வத்தையும் உடலின் வலுவின்மையையும் பற்றிக் கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் சொன்னதை, மதுபானம் நன்று, இறைச்சி கெட்டுவிட்டது என்று இயந்திரம் பெயர்த்ததாக ஒரு கதை உலகெங்கும் உலாவியதும் அக்காலத்தில்தான். அக்கதைக்குச் சான்று ஏதும் இல்லை. இயந்திரத்தை எள்ளி நகைப்பதற்காக மனிதர் புனைந்த கதைகளைப் பரப்பாதிருப்பதும் உண்மைக்கு நாம் செய்யும் கடமையே.

‘தெரியாது’ என்ற இயந்திரம்

தோல்வியின் நடுவே ஒரு சிறு வெற்றி மலர்ந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகளாக உள்ள கனடாவில், வானிலை அறிவிப்புகளை மொழிபெயர்க்க மொன்றியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘மெத்தேயோ’ என்னும் அமைப்பு 1977 முதல் பல்லாண்டுகள் சீராக இயங்கியது. மழை, காற்று, வெப்பம் என்ற சிறு வட்டத்திற்குள் அடங்கும் மொழி அது. நாள்தோறும் அதையே பெயர்த்துச் சலித்துப்போன மனிதர்களுக்கு அது விடுதலை தந்தது. அதனிடம் மற்றொரு நற்பண்பும் இருந்தது. தன் விதிகளுக்கு அடங்காத வாக்கியம் வந்தால், அதனை ஒதுக்கி வைத்து மனித மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பிவிடும். தன் எல்லையை அறிந்த இயந்திரம் அது.

கற்றுக்கொடுத்தவர்கள்

1990-ஐ ஒட்டி ஐ.பி.எம். ஆய்வாளர்கள் புதிய பாதை கண்டனர். இலக்கணம் கற்பிப்பதை விட்டு, ஏற்கெனவே மனிதர் மொழிபெயர்த்து வைத்திருந்த கனடா நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை இலட்சக்கணக்கான வாக்கியங்களாக இயந்திரத்திற்கு ஊட்டினர். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணையாக வருகிறது என்பதை இயந்திரம் எண்ணிக்கையால் கணித்தது. 2006-இல் கூகுள் நிறுவனம் இம்முறையில் தன் சேவையைத் தொடங்கியது. 2011-இல் தமிழ் அதில் சேர்ந்தது. 2016-இல் நரம்பு வலைப்பின்னலை ஒத்த கணக்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 2017-இல் தமிழுக்கும் அது விரிந்தது. வாக்கியங்கள் முன்பு நொண்டி நடந்தன; இப்போது ஓடத் தொடங்கின. பார்ஹிலல் எழுப்பிய புதிரைக்கூட இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் அவிழ்த்துவிடுகின்றன. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சு, அரசின் பாஷினி அமைப்பின் வழியாக அவர் பேசப்பேசவே தமிழில் ஒலித்தது.

இங்கே நாம் ஒன்றை மறத்தலாகாது. இயந்திரம் மொழிபெயர்க்கக் கற்றது மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்தே. நாடாளுமன்ற உரைகளை இரவோடு இரவாகப் பெயர்த்தவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. உலகின் பல சிறிய மொழிகளில் இரு மொழியிலும் இணையாகக் கிடைக்கும் பெரிய நூல் விவிலியம் ஒன்றே ஆதலால், ஆய்வாளர் அதனையே இயந்திரத்திற்குப் பாடநூலாக்கியுள்ளனர். காய்ச்சலில் கிடந்தும் கிராமத்து வேதியரிடம் சொல் கேட்டும் விவிலியத்தைப் பெயர்த்த மறைப்பணியாளர்கள் தங்களை அறியாமலே கணிப்பொறிக்கு ஆசிரியர்களாயினர். ஆனால் கற்ற மாணவன் எந்த ஆசிரியரின் பெயரையும் சொல்வதில்லை. இன்று பல நாடுகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களுக்கு, இயந்திரம் தந்ததைத் திருத்திக் கொடுக்கும் வேலையே குறைந்த ஊதியத்திற்கு வழங்கப்படுகிறது. உழைப்பாளி தம் கூலிக்கு உரிமையுடையவர் என்ற நற்செய்தியின் நீதி இவர்களுக்கும் உரியது.

நாமும் நாங்களும்

அப்படியானால் இயந்திரம் மனிதருக்கு நிகராகிவிட்டதா? 2018-இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் சீன மொழிச் செய்திகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதில் தங்கள் அமைப்பு மனிதருக்கு நிகராகிவிட்டது என அறிவித்தனர். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அம்மொழிபெயர்ப்புகளைத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தனர். தனித்தனி வாக்கியமாகப் பார்த்தபோது வேறுபாடு மங்கியது; முழுக் கட்டுரையாக வாசித்தபோது மனிதர் செய்ததே மேலெனத் தெளிவாகப் புலப்பட்டது. வாக்கியம் ஒரு கல். நூல் ஒரு கோயில். கல்லைக் கல்லோடு ஒப்பிட்டு மட்டும் கோயிலை மதிப்பிட முடியாது.

தமிழர்க்கு இது இன்னும் தெளிவாக விளங்கும். நம் மொழியில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளடங்குவார். ‘நாங்கள்’ என்றால் அவர் விலகி நிற்பார். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு கிடையாது. பாவங்களை மன்னிக்குமாறு கடவுளிடம் வேண்டும்போது ‘எங்கள் பாவங்கள்’ என்கிறோம். அங்கே ‘நம் பாவங்கள்’ என்று பெயர்த்தால் இலக்கணம் பிழையாகாது. ஆனால் பாவமே அறியாத இறைவனையும் பாவிகளின் வரிசையில் சேர்த்தவர் ஆவோம்.

புயலில் சிக்கிய படகை நினைத்துப் பார்ப்போம். மடிந்துபோகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் இயேசுவை எழுப்புகின்றனர். அங்கே ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? ‘நாங்கள்’ என்றால் ஆண்டவர் ஆபத்துக்கு அப்பாற்பட்டவர். ‘நாம்’ என்றால் அவரும் அதே படகில், அதே அலையில் இருக்கிறார். எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றோடு நிறுத்திக்கொண்டால் இரண்டிற்கும் இடமிருக்கும். மூன்றும் தமிழ்தான், மூன்றும் மூன்று தியானங்கள். மனித மொழிபெயர்ப்பாளர் இங்கே பேனாவைக் கீழே வைக்கிறார், விரிவுரைகளைப் புரட்டுகிறார், செபிக்கிறார், பிறரைக் கேட்கிறார். இயந்திரம் தான் கற்றவற்றுள் எது மிகப் பொருத்தமாக வருமெனக் கணித்து, நொடியில் ஒன்றைத் தந்துவிடுகிறது. சில வேளை அதுவே சரியாகவும் இருக்கும். ஆனால் ஏன் அதனைத் தேர்ந்தாய் என்று ஒயேயா மக்கள் கேட்டால், அதன் பின்னே நின்று பதில் சொல்ல எவருமில்லை.

இதன் ஆபத்து செபநூலோடு நிற்பதில்லை. அமெரிக்க மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் நோயாளிகளுக்குத் தரும் அறிவுரைகளை இயந்திரம் எவ்வாறு பெயர்க்கிறது என 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்பானிய மொழியில் நூற்றுக்கு 94 பகுதி பொருள் மாறாமல் அமைந்தது. அர்மீனிய மொழியில் 55 மட்டுமே. பெரிய மொழியினருக்கு ஒரு நீதி, சிறிய மொழியினருக்கு வேறொரு நீதி. கையில் தாளை வைத்திருக்கும் அர்மீனிய மூதாட்டிக்கு எந்த வரி பிழையானது என்று தெரியாது. ‘மெத்தேயோ’ போல் ஒதுங்கி நிற்காமல், பிழையையும் சரளமாகவே இயந்திரம் மொழிந்துவிடுகிறது.

மறைபொருள் காக்கும் கடமை

திருச்சபைச் சட்டம் இவ்வகையில் நமக்கு ஓர் ஒளி தருகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 990-ஆம் எண், மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு அருளடையாளம் பெறத் தடையில்லை என்கிறது. அப்படி உதவுபவரும் கேட்டவற்றை வெளியிடாது காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 983-ஆம் எண். மீறினால் தண்டனையும் உண்டு. பாவியின் சொல்லைத் தாங்கிச் செல்பவர் அச்சொல்லின் புனிதத்தையும் தாங்குகிறார். கைபேசியிடம் இந்தக் கடமையைச் சுமத்த முடியுமா? அதன் வழியே செல்லும் சொல் எந்தத் தொலைதூரக் கணிப்பொறியில் தங்குகிறது என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருவானவரும் அறியார், முழந்தாளிட்டிருப்பவரும் அறியார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி 2025 ஜனவரி 28 அன்று உரோமைத் தலைமைச் செயலகத்தின் இரு துறைகள் வெளியிட்ட ‘அந்தீக்குவா எத் நோவா’ என்னும் குறிப்புரையும், அறநெறிப் பொறுப்பு மனிதரிடமே இருப்பதை வலியுறுத்துகிறது.

நாம் செய்யக்கூடியவை

இயந்திரத்தை வெறுத்தொதுக்கச் சொல்லவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி நம் ஊர்களுக்கு வந்து, ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கும் கத்தோலிக்க இளைஞரிடம் இரு வார்த்தை பேச அது உதவுமானால், அதுவும் இறைவனின் கொடையே. அயல்நாட்டு மடலின் சாரத்தை அறியவும், எந்தப் பகுதி நமக்குப் பயன்படும் எனத் தேடவும் அதனைத் தயங்காமல் கையாளலாம்.

ஆனால் அறிந்துகொள்வது வேறு, அறிவிப்பது வேறு. தனக்காகப் படிப்பவர் பிழைபட்டால் அவருக்கே இழப்பு. பிறருக்கு அறிவிப்பவர் பிழைபட்டால் இழப்பு சபைக்கு. திருவழிபாட்டில் ஆயர் பேரவை தயாரித்து, திருத்தூதர் பீடம் உறுதிப்படுத்திய பாடங்களையே பயன்படுத்துகிறோம். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இப்பொறுப்பில் ஆயர் பேரவைகளின் பங்கைத் தெளிவாக்கினார். நம் பங்கு மடல்களிலும் செபத்தாள்களிலும் அதே மனநிலை வேண்டும். இயந்திரம் பெயர்த்ததை இரு மொழியும் அறிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்துத் திருத்திய பின்னரே அச்சுக்கு அனுப்ப வேண்டும். திருத்தியவர் பெயரையும் கீழே இட வேண்டும். பெயரைப் போட்டால் அவருக்குக் கவனம் கூடும். கேள்வி கேட்க நமக்கும் ஓர் ஆள் கிடைப்பார். மருந்துச் சீட்டையும் நீதிமன்ற ஓலையையும் கைபேசி சொன்னதோடு விட்டுவிடாமல், மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்குமாறு நம் முதியோருக்குச் சொல்வோம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மொழி கற்கும் இளைஞர் நமக்குத் தேவை. முத்துக்குளித்துறையில் சவேரியாருக்கு உதவியவர்கள் இரு மொழி அறிந்த பொதுநிலையினர். கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு விவிலியம் நம் கைகளில் இருக்கிறது. அதனைத் திருத்தவும், அடுத்த தலைமுறைக்கேற்பப் புதுக்கவும் எபிரேயமும் கிரேக்கமும் தமிழும் கற்ற பொதுநிலையினர் எத்தனை பேரை நாம் வளர்த்திருக்கிறோம்? இயந்திரம் தவறியதைக் கண்டுபிடிக்கவேனும் ஒருவர் மொழி அறிந்திருக்க வேண்டுமே! எல்லாரும் இயந்திரத்தையே நம்பி மொழி கற்பதை விட்டுவிட்டால், ‘வேணும்’ என்ற சொல் தவறென்று உறுத்துவதற்கு ஓர் உள்ளம் இராது. அன்று நம்மிடம் செபம் இருக்கும். அதன் பொருளுக்குக் காவலர் இருக்கமாட்டார்.

கி.பி. 420-இல் எரோணிமுஸ் இறையடி சேர்ந்த நாளாகத் திருச்சபை கொண்டாடும் செப்டம்பர் 30-ஐ, ஐக்கிய நாடுகள் அவை 2017-இல் பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றது. அந்நாளில் நம் பங்கிலே பெயரின்றி உழைக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை, மறையுரைக் குறிப்பு பெயர்த்துத் தரும் ஆசிரியரையோ, மருத்துவமனையில் வடமாநிலத்தவருக்குத் துணைநின்று பேசும் செவிலியரையோ பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவோம். தாம் சொன்ன சொல்லுக்குத் தாமே நின்று பதில் சொல்பவர்கள் அவர்கள்.